மஞ்சள் காமாலை விடுப்பு

எங்கள் தெருவில் பதினேழு வயதிலேயே எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியது மட்டும்தான் நான் செய்த குற்றம். மறுநாளிலிருந்து பால்காரர்கூட என்னை 'டாக்டரம்மா' என்றார். எதிர்வீட்டு அத்தை சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டி, "இங்கன தொட்டாலே சுள்ளுன்னு வலிக்கி, என்னன்னு பாரு தாயி" என்றார். நீட் எழுதினேன், சீட்டு கிடைக்கவில்லை. ஒரு வருடம் வீட்டில் அடைந்து கிடந்து மறுபடியும் எழுதினேன். அப்போதும் கிடைக்கவில்லை. கொடுத்த பட்டத்தை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"சும்மா இருக்க வேண்டாம், ஒரு டிகிரியும் கையில இருக்கட்டும்" என்று அப்பா என்னைக் குற்றாலத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்த்துவிட்டார். அந்தச் 'சும்மா'வை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று வருடம் ஒருத்தி படிக்கிற படிப்பு சும்மாவாம். எங்கள் பக்கத்தில் விலங்கியல் வகுப்பு என்றால் டாக்டர் சீட்டுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம். பாதிப் பேர் மடியில் நீட் கேள்விப் புத்தகம் இருக்கும். சாரல் காலத்தில் யாராவது ஒருத்திக்குச் சீட்டு வந்துவிடும். பல் மருத்துவமோ, சித்த மருத்துவமோ, ஏதோ ஒன்று. டி.சி. வாங்கிக்கொண்டு, எங்களுக்கு லட்டு கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். மிச்சம் இருக்கிற எங்களைப் பார்த்து மேடம்களே, "நீங்கல்லாம் எப்பம்மா போகப்போறீங்க?" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு அடுத்த நிமிடம் மண்புழுவின் நரம்பு மண்டலத்தை நடத்துவார்கள்.

அந்த வகுப்பில் விலங்கியல்தான் வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்தவள் ஒரே ஒருத்தி. செங்கோட்டைக்காரி, பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். மூன்றாம் வருடம் புராஜெக்டுக்கு எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டார்கள். அருவிக்குப் பக்கவாட்டில் தண்ணீர் கசிந்து வழிகிற பாறை ஒன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், "கைய வையி. பேடிக்காத, ஒண்ணும் கடிக்காது" என்றாள். வைத்தேன். பாறையில் ஒட்டியிருந்த என்னவோ ஒன்று வாலை அடித்துக்கொண்டு துள்ளியது. தலைப்பிரட்டை. தலைப்பிரட்டை குளத்துத் தண்ணீருக்குள் நீந்தும் என்றுதான் நான் படித்திருந்தேன், அதற்கு மார்க்கும் வாங்கியிருந்தேன். இதுவோ வெறும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. தென்காசியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில் இப்படி ஒரு பிராணி இருப்பது தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் பேசிக்கொண்டே இருந்தேன். "இதெல்லாம் நீட்ல கேப்பாவளாட்டி?" என்று அம்மா கேட்டாள்.

மழைக்காலம் முழுக்க அந்தப் பாறைகளைச் சுற்றினோம். கூட்டம் குளிக்கிற இடத்துக்கு மேலே தலைப்பிரட்டைகள் இருந்தன. கீழே, எண்ணெயும் ஷாம்பு நுரையும் வழிந்து ஓடுகிற பாறைகளில் ஒன்றுகூட இல்லை. ஷாம்பு போடக் கூடாது என்று எழுதிய பலகைக்கு அடியிலேயே காலிப் பாக்கெட்டுகள் கிடந்தன. நாங்கள் கண்டுபிடித்தது அவ்வளவுதான், பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ எழுதி வைத்ததை நான் மனப்பாடம் செய்யவில்லை, நானே பார்த்தேன். மேற்கொண்டு எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் வந்தது. அதை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தை மாதம் ஒருநாள் காலையில் அப்பா கூப்பிட்டார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். வீட்டிலும் ஆர்டர்தான் போடுவார்.

"ஏட்டி, இங்கன வா. நாளையிலேருந்து காலேஜ் கிடையாது. உனக்கு மஞ்சக்காமால."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். மே மாதம் நீட். அதுவரை நான் வீட்டில் இருந்து கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வு எழுத வேண்டும். வருகைப் பதிவு குறைந்தால் கல்லூரியில் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதால், தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காமாலை என்று சான்றிதழ் வாங்கிக் கல்லூரி ஆபீசில் கொடுத்தும்விட்டார்.

"எனக்கு புராஜெக்ட் இருக்குப்பா. அத முடிக்கணும்" என்றேன்.

"தவளைய புடிச்சு என்ன பண்ணப்போற? சொன்னதச் செய்யி."

டாக்டர் ஆவதற்கு முதல் வேலையாக ஒரு டாக்டரிடமே பொய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோமே என்று அவருக்கு உறைக்கவே இல்லை. அம்மாவுக்கும் உறைக்கவில்லை. "அப்பா உன் நல்லதுக்குத்தான சொல்லுதாவ" என்றாள்.

எங்கள் ஊரில் காய்ச்சல் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காமாலை என்றால் தெருவே வைத்தியராகிவிடும். அப்பா இதை யோசிக்கவில்லை. கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிற பெண் எங்கள் தெருக்காரர். அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அத்தை கீழாநெல்லியை அரைத்து உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். மோரில் கரைத்து, நான் குடித்து முடிக்கிற வரை எதிரில் நின்றார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அவர் அடுப்படி வரைக்கும் உரிமையாக வருகிறவர் என்பதால், அம்மா எனக்கு மெய்யாகவே பத்தியச் சாப்பாடு போட ஆரம்பித்தாள். தாளிதம் கிடையாது, எண்ணெய் கிடையாது, மீன் கிடையாது. பக்கத்து அறையில் அப்பா நெத்திலி வறுவலைக் கடித்துக்கொண்டு இருக்க, ஒரு நோயும் இல்லாத நான் உப்புக் குறைந்த மோர்ச்சோற்றைத் தின்றுகொண்டு மனித உடலில் கல்லீரலின் பணிகளைப் படித்தேன். ஜன்னலோரம் நின்றால்கூட, "உள்ள போட்டி, யாராவது பாத்துரப்போறாவ" என்றாள் அம்மா. கோபத்தில் எனக்கு ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

செங்கோட்டைக்காரி போனில் புராஜெக்ட் வாய்மொழித் தேர்வின் தேதியைச் சொன்னாள். வெளியூரிலிருந்து ஒரு சார் வருகிறார், இருவரும் வர வேண்டும் என்றாள். அப்பாவிடம் கேட்டேன். "காமாலக்காரி எப்படிட்டி பஸ்ஸுல போவ? நான் எல்லாம் பேசிட்டேன். நீ படி" என்றார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. தேர்வன்று அவர் தேங்காய் வெட்டு என்று எங்கள் வடகரைத் தோப்புக்குப் போயிருந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள். நான் அவளை விலக்கிக்கொண்டு போய்க் குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வரும்போது அவள் முகம் செத்துப்போயிருந்தது. "வறுத்து எடுத்துட்டாவ" என்றாள். பிறகு நான் போனேன். துறைத்தலைவி மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"உடம்பு முடியாம நீ எதுக்கும்மா வந்த? அப்பாதான் எல்லாம் சொல்லிட்டாவளே. டாக்டருக்குப் போற பிள்ளைய எதுக்கு அலைக்கழிக்கணும்னு உனக்கு முழு மார்க் போட்டாச்சு."

வந்திருந்த சார் டீயை ஆற்றிக்கொண்டே, "எந்த மெடிக்கல் காலேஜ் எடுக்கப்போற?" என்று கேட்டார். என்னிடம் கேட்க அவரிடம் இருந்த ஒரே கேள்வி அதுதான்.

விலங்கியலுக்காகவே வந்தவளைப் போட்டு வறுத்திருக்கிறார்கள். விலங்கியலை விட்டு ஓடப்போகிறவள் என்று எண்ணி எனக்கு முழு மார்க்கைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் விலங்கியல் ஆசிரியர்கள்.

"எனக்குக் காமாலையே இல்ல மேடம். அது பொய்" என்றேன். "எனக்குப் போட்ட மார்க்க அடிச்சிருங்க. கேள்வி கேளுங்க சார்."

மேடத்தின் முகம் கறுத்துவிட்டது. "நீ சொன்னது என் காதுல விழலன்னு வச்சிக்கிடுதேன். விழுந்தா நீ பரீட்சையே எழுத முடியாது" என்றார். சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். அந்த வால் எதற்கு அத்தனை நீளம், பாறை காய்ந்துபோனால் அவை என்ன செய்யும், ஷாம்புதான் காரணம், வெயில் காரணம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். நாங்கள் வெயிலைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அதற்குச் சரியாகவே மார்க்கைக் குறைத்தார். மூன்று வருடத்தில் அந்தக் கல்லூரியில் என்னை ஒரு மாணவியாக மதித்துப் பேசியவர் அவர்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் மேடம் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டிருந்தார்.

"எம் மானத்த வாங்கிட்டியே. இன்னும் கொஞ்ச நாளு பொறுக்க முடியலயா உனக்கு?"

"நான் நீட் எழுத மாட்டேன்பா" என்றேன். "எனக்கு டாக்டர் ஆக வேண்டாம். பயந்துக்கிட்டுச் சொல்லல, தோத்துருவேன்னும் சொல்லல. எனக்குப் புடிக்கல. எம்.எஸ்சி. படிக்கப்போறேன்."

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்தார். "தெருவுல கேட்டா என்ன சொல்ல?" என்றார். அம்மா சேலை நுனியை முறுக்கிக்கொண்டே யோசித்தாள்.

"காமால போயி டைபாய்டு வந்துட்டுன்னு சொல்லிருவமா? அதனால பரீட்ச எழுதலன்னு?"

"மே மாசம் வரைக்குமா? டைபாய்டு அவ்வளவு நாள் நிக்காதே."

நான் அவர்களுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். வேண்டாம் என்று இவ்வளவு தெளிவாக அதுவரை நான் எதையும் சொன்னதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்பது அவர்கள் இருவர் காதிலும் விழவே இல்லை. ஊருக்குச் சொல்ல ஒரு நோய் தேடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார்.

"ஏட்டி, நீதான இதெல்லாம் படிச்சிருக்க. டைபாய்டு எத்தன நாளு நிக்கும்?"

எனக்கு விடை தெரியும். சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.