எனக்க ஜாதியா, நாய்க்க ஜாதியா?

என் வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும். அன்றைக்குக் கொஞ்சம் பொறுத்திருந்தால் முதல் தடவையிலேயே நாய்க்குட்டிக்குப் பேசி முடித்துவிட்டு வீடு திரும்பியிருப்பேன். ஆனால் நர்ஸம்மாவை அறியாமலே போயிருப்பேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் வயல் சூழ்ந்த ஊரில் பிறந்த நான், ரப்பர் எஸ்டேட் கிளார்க்கைக் கட்டிக்கொண்டு மேற்கே மலையடிவாரத்துக்குப் போயிருந்தேன். முதல் பிள்ளை பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. அழுதால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்றாள் மாமியார். நான் அழவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் என் வீட்டுக்காரர் கோட்டாற்றில் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தார். துரைமார் வளர்க்கிற இனம் என்று சொல்லி விற்றவன் தலையில் கட்டியிருக்கிறான். கண் திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. பசும்பாலைத் துணியில் நனைத்து ஊட்டினேன். ஐந்தாம் நாள் அதுவும் போயிற்று. சின்ன உயிர் எதுவும் என் கையில் தங்காது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன்.

அவர் விடவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி சிதறால் பக்கம் இருக்கிறாளாம். சீமைக்குக் கப்பலேறிய துரை தன் நாய் இரண்டையும் அவளிடம் விட்டுப் போனாராம். இதையெல்லாம் விசாரித்து வந்து, "பீகிள்னு பேரு. முயல் பிடிக்கப்பட்ட நாயி, வேட்டைக்கு உள்ளது" என்றார்.

"ஊதப்பட்ட பிகிலா?" என்றேன். பிள்ளை போனபிறகு நான் செய்த முதல் கேலி அது. மனிதர் அதற்கே பூரித்துப்போனார்.

எனக்கோ பயம். இன்னொரு குட்டி என் மடியில் செத்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். இந்தத் தடவை அக்குவேறு ஆணிவேறாக விசாரித்துத்தான் வாங்குவது என்று உறுதியாக இருந்தேன். எங்கள் பக்கம் நாட்டு நாய் அல்லாத எல்லாமே 'ஜாதி நாய்'. இருவரும் நடந்து போய்க் கதவைத் தட்டினோம்; நர்ஸம்மா திறந்தாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. வந்த விஷயத்தைக்கூடச் சொல்லாமல் நான் கேட்டேன்:

"என்ன ஜாதி?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்க ஜாதியா, நாய்க்க ஜாதியா?"

"நாயத்தான், நாயத்தான்" என்று என் வீட்டுக்காரர் பதறினார். அவள் உள்ளே போய் இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் குடித்தார். நான், "தாகமில்ல" என்றேன். வெயிலில் மூன்று மைல் நடந்து வந்தவளுக்குத் தாகமில்லையாம்.

"எனக்க கையால தண்ணி குடிக்க மாட்டிய. எனக்க வீட்டுக் குட்டிய எப்பிடி மடியில வச்சு வளப்பிய?" அவள் குரல் உயரவில்லை. "போயிட்டு வாருங்க."

வழிநெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். நாய் வளர்க்கிறவளுக்கு இத்தனை ராங்கியா என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தபோதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் கேட்டது நாயைத்தான். ஆனால் தண்ணீரை வேண்டாம் என்றது நாய்க்காக இல்லையே.

அடுத்த வாரம் தனியாகப் போனேன். படியில் நின்றபடியே, "நல்ல தாகம். தண்ணி தாருங்க" என்றேன். கொடுத்தாள். குடித்துவிட்டு, அன்றைக்குச் செய்தது தப்பு என்றேன். "இன்னும் வேணுமா?" என்றாள். "வேணும்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் பின்வாசலுக்குக் கூட்டிப்போனாள். சாக்குப் படுக்கையில் தாய் நாய் கிடந்தது. கறுப்பும் வெள்ளையும் தவிட்டு நிறமுமாக, காது தொங்க, ஐந்து குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. தாய், தகப்பன், பாட்டன் என்று எல்லாம் எழுதிய நோட்டை எடுத்துக் காட்டினாள். ஓர் ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் ஒரு வருஷமாவது இடைவெளி விடுவாளாம். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. பெண்ணைக் கொடுக்கிறவர்கள்கூட அத்தனை கேட்கமாட்டார்கள். பகலில் வீட்டில் ஆள் உண்டா, சுற்றிலும் வேலி உண்டா? வாடை பிடித்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பாத நாய் இது, தெரியுமா?

கடைசியில், முன்னால் நாய் வளர்த்ததுண்டா என்றாள். கோட்டாற்றுக் குட்டியைப் பற்றிச் சொன்னேன். வந்த அன்று அதற்கு எத்தனை நாள் இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.

"அது தள்ளைக்க பாலு குடிக்கப்பட்ட பருவம். பிரிச்சுக் கொண்டுவந்தவன்தான் பாவி. நீங்க என்ன செய்தாலும் நிக்காது."

அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு நான் சாகும்வரை நன்றி சொல்லலாம். ஆனாலும் குட்டியைத் தரவில்லை. "ரெண்டு மாசம் தெகையட்டு" என்று அனுப்பிவிட்டாள். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போகப்போகத் தண்ணீர் போய்க் காப்பி வந்தது, காப்பியோடு அவித்த மரச்சீனிக் கிழங்கும் வந்தது.

இரண்டு மாதம் முடிந்த அன்று ஒரு பெண்குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"வளக்க முடியாட்டா வேற ஆருக்கும் குடுக்கப்பிடாது. எனக்கிட்டயே கொண்டு வாருங்க."

"செத்துப்போனா?" என்றேன். அதைக் கேட்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

"செத்தா இஞ்ச வந்து அழுங்க. ஒத்தைக்கு இருந்து அழாண்டாம்."

நாய் சாகவில்லை. அடுக்களை மீனைத் திருடித் தின்று கொழுத்தது. ஆனால் பிள்ளை போன நாள் திரும்பி வந்தபோது, நாயையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் அழுதேன். நாய்க்கு என்ன என்று அவள் பதறவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினோரு நாள் பிள்ளை போனதை அழுகையினூடே சொன்னேன். நான் அழுது ஓய்ந்ததும், "பிள்ள ஆணா, பெண்ணா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வருஷத்தில் என் பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"பெண்ணு" என்றேன்.