காதே குத்தாத காதுகுத்து

வெள்ளைக்காரர் காலம், முப்பதுகளின் ஆரம்பம். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகள் நிறைந்த ஒரு ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். என் மாமனார் அந்தத் தோல் ஷாப்புகளுக்கு, தோலை ஊறப்போடுகிற ஆவாரம்பட்டையை விற்கிற வியாபாரி. கையில் நாலு காசு சேர்ந்ததும் அவருக்குப் பஞ்சாயத்து போர்டில் உட்காரும் ஆசை வந்துவிட்டது.

வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. அவர்களுக்குச் சோறு போட்டு ஓட்டு வாங்கக் கூடாது என்று சட்டம். ஆனால் வீட்டு விசேஷம் என்றால் யாரும் கேட்க முடியாது. அதனால் தேர்தல் வந்தாலே எங்கள் பக்கத்தில் விசேஷங்கள் முளைத்துவிடும். மாமனார் கண்ணில் பட்டது என் ஒன்றரை வயது மகளின் காது.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டாமா? என் அண்ணன் காட்பாடி ரயில் நிலையத்தில் வேலையில் இருந்தார். அவருக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. "உங்கண்ணன் லீவு போட்டு சீர் தூக்கினு வர்றதுக்குள்ள எலெக்‌ஷனே முடிஞ்சிடும்மா" என்றார் மாமனார். சரி, விருந்தாவது போடட்டும், காதைப் பிறகு குத்திக்கொள்ளலாம் என்று சும்மா இருந்தேன். கொல்லையில் பிரியாணி வெந்தது. ஊரே வந்து தின்றது. தோல் மண்டிக்காரர் ஒருவர் மட்டும், பாவம், குழந்தைக்கு வெள்ளிக் காப்போடு வந்து தேடினார்.

"கொழந்தை எங்கம்மா? இன்னா, காதுல ஒண்ணையும் காணோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார், "நேரம் சரியில்ல பாய், அப்புறமா குத்தறோம்" என்று அவரைப் பந்திக்குத் தள்ளிக்கொண்டு போனார். காதும் குத்தவில்லை, ஆசாரியும் வரவில்லை. தேர்தலில் மட்டும் மாமனார் ஜெயித்தார்.

தோற்றவர் விடுவாரா? விருந்து வைத்து ஓட்டு வாங்கினார் என்று புகார் கொடுத்துவிட்டார். விசாரிக்க வேலூரிலிருந்து ஒரு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. அன்றைக்குப் பார்த்து என் மகளுக்கு ஜுரம். உடம்பு அனலாகக் கொதிக்க, என் தோளில் துவண்டு கிடந்தாள். காலையிலேயே மாமனார் வந்து நின்றார்.

"ஆசாரிய வரச் சொல்லியிருக்கேன். விசாரணைக்கு முன்னாடி குத்திடணும். அந்த ஆபீசரு காதப் பாக்கணும்னு சொன்னா?"

"கொழந்தைக்கு ஜுரம் மாமா. எங்கண்ணனும் இல்லையே."

"நம்ம எலெக்‌ஷன் ஏஜெண்டு மடியில வெச்சிக்கினா போச்சு. கேட்டா தாய்மாமன்னு சொல்லிக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது, ஓட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டு திரிந்த எவனோ ஒருவன் எனக்கு அண்ணனா? அதுவும் ஜுரத்தில் கிடக்கிற குழந்தையைக் குத்தியா? என் புருஷனைப் பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

ஆசாரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வெளியேறினேன். பட்டை மூட்டைகளுக்கு நடுவே புகுந்து நேராக, விசாரணை நடக்கிற போர்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். ஆண்கள் கூட்டம். வக்கீல்கள் வேறு. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதிகாரியின் மேஜை முன்னால் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு ஓட்டு உண்டா அம்மா?"

"இல்லீங்க ஐயா."

"பிறகு உனக்கு இங்கே என்ன வேலை?"

சுற்றிலும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாவிட்டால் ஒருவேளை பயந்து திரும்பியிருப்பேன்.

"ஓட்டு இல்லீங்க. கொழந்தை இருக்குது. இதுக்குக் காது குத்தினோம்னு சொல்லித்தான் ஊருக்கே பிரியாணி போட்டாங்க. நல்லாப் பாருங்க" என்று மகளின் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினேன். குழந்தை வீறிட்டு அழுதாள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பிரியாணியைத் தின்றவர்கள்.

தேர்தல் செல்லாது என்று பிறகு தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே நான் காட்பாடியில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தேன் என்பதென்ன, மாமனார் வீட்டில் துரத்திவிட்டார்கள். புகார் கொடுத்த புண்ணியவான் அங்கேயே தேடி வந்தார், தட்டு நிறையப் பழமும் குழந்தைக்குப் பட்டுப் பாவாடையுமாக.

"உன்னாலதான் நியாயம் ஜெயிச்சுது தாயி."

இந்த மனிதரும் அதே தேர்தலுக்குக் கிரகப்பிரவேசம் என்று சொல்லி ஊருக்குச் சோறு போட்டவர்தான். சுவர் மட்டும்தான் நின்றது அந்த வீட்டுக்கு. "உங்க வூட்டுக்குக் கூரை போட்டாச்சுங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன். அவர் பக்கம் பேசுவதற்காகவா அந்தக் கூட்டத்தில் போய் நின்றேன்?

ஜுரம் தெளிந்து, குழந்தை தேறிய பிறகு, அண்ணன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினோம். வந்தது நாலே பேர். மூன்று மாதம் கழித்துப் புருஷன் வந்து கூப்பிட்டார். தனிக்குடித்தனம் என்றால் வருகிறேன் என்றேன். தலையை ஆட்டினார், போனேன்.

மாமனாரைக்கூட மன்னித்துவிட்டேன், வயதான மனிதர். ஆனால், ஓட்டு இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட அந்த அதிகாரியை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது. ஓட்டுக்காக இவர்கள் செய்கிற அநியாயமெல்லாம் முதலில் வந்து விழுவதே ஓட்டில்லாதவர்கள் தலையில்தான் என்பதை, என் தோளில் ஜுரத்தோடு கிடந்த குழந்தையைப் பார்த்த பிறகுமா அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது?