கசக்காத நிலவேம்பு

ஜாவாத் தீவின் சோலோ நகரத்துச் சந்தையில் துகினெம்மைத் தெரியாதவர் இல்லை. முதுகில் கூடை, கூடையில் ஜாமு என்கிற மூலிகை மருந்துப் புட்டிகள், வாயில் வசவு. இடுப்பைக் கிள்ளிய மீன்காரனின் மண்டையைப் புட்டியால் உடைத்தவள். குடித்துவிட்டு அடித்த புருஷனை உலக்கையோடு தெருக்கோடிவரை துரத்தியவள். அவளுக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான்: தம்பி வார்சோ எங்காவது அடிபட்டுச் சாவான் என்று.

வார்சோ மூட்டை தூக்குகிறவன். அரிசி லாரிகளை யார் இறக்குவது என்று அவனுக்கும் கிமினுக்கும் நெடுநாள் பகை. கடைசியில், ஒண்டிக்கு ஒண்டி மோதுவது, தோற்றவன் சந்தையை விட்டே போவது என்று முடிவானது.

அங்கே சண்டைக்குப் போகிறவன் நிலவேம்புச் சாறு குடிக்காமல் போகமாட்டான். அடி தாங்குமாம். அன்று காலை துகினெம்மிடம் புதுப் புட்டி ஒன்று இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் வாடிக்கைக்காரி ராத்தி கொடுத்தது. வெறும் சாறு குடித்தால் சத்தில் பாதி உடம்பில் சேராமலே போய்விடுமாம். முட்டைக் கருவின் கொழுப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பொதிந்து கொடுத்தால் நேரே ரத்தத்தில் இறங்குமாம்.

"ஒரு கரண்டிதான்க்கா. மேல போனா பிரஷர் இறங்கி ஆளே சாஞ்சிருவாங்க" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வார்சோ ஒரு கரண்டி குடித்துவிட்டு அக்காவை முறைத்தான்.

"என்னக்கா, கசக்கவே இல்ல? தண்ணிய கலந்துட்டியா?"

"புது மருந்துடா. ஒரு கரண்டி போதுமாம்."

"மருந்துன்னா குடல் வரைக்கும் கசக்கணும். ஊத்து."

கசப்பை வைத்தே வீரியத்தை அளந்து பழகிய கை அவளுடையது. நாக்கில் விட்டுப் பார்த்தாள். பால் மாதிரி இருந்தது. இதுவா என் தம்பியைக் காப்பாற்றப் போகிறது? டம்ளர் நிறைய ஊற்றினாள்.

மதியம் மீன் கொட்டகைக்குப் பின்னால் மோதினார்கள். வார்சோவின் முதல் குத்தில் கிமினின் மூக்கு உடைந்தது. அடுத்ததில் பல் தெறித்தது. மறுபடி கை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான். முகம் வெளிறி, முழங்கால் மடங்கிச் சேற்றில் விழுந்தான். கிமின் விடுவானா? முகத்தில் மிதித்தான், விலாவில் மிதித்தான், மூட்டைக் கொக்கியை எடுத்துத் தோளில் இறக்கினான். துகினெம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து அவன் கையைக் கடித்தாள். வாயோடு சதை வரும்வரை விடவில்லை.

வார்சோ பிழைத்தான். ஒரு கண் போயிற்று, சந்தையும் போயிற்று. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான்.

"நான் பயந்துதான் விழுந்திருக்கேன்" என்று ஒருநாள் அவன் முனகியதை அவளால் தாங்க முடியவில்லை.

"பயமில்லடா, மருந்து. அதிகமா குடிச்சா ஆள் சாஞ்சிருவாங்கன்னு ராத்தி சொன்னா. நான்தான் உங்கிட்ட சொல்லாம ஊத்திட்டேன்."

அவன் எழுந்து வந்து அறைந்தான். மறு கன்னத்திலும் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஊரையே அடித்தவள் கையைத் தூக்கவில்லை.

"இன்னும் அடிடா" என்றாள்.

அவன் அடிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

"அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லதானேக்கா?"