தம்பியின் கிளினிக் கொப்பி

வெளிநாட்டில் விசா முடிந்து தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த தம்பி போனில் கோல் எடுத்தான். அண்ணனான என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான். "நானா, டொக்டர்ட கடிதம் இல்லாம சீனி வருத்தத்துக்கு மருந்து தரமாட்டாங்களாம்."

தில்லையடியில் எங்கள் வீட்டில் மருந்து விவரம் எழுதிய கிளினிக் கொப்பி யாருடையதானாலும் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாத்திரை எடுத்து வருவதுதான் வழக்கம். அப்படித்தான் தம்பியின் கொப்பியோடு போய் வரிசையில் இருந்தேன். அவன் பெயரைக் கூப்பிட்டதும் "ஓம்" என்று எழும்பினேன். என் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மடையன் நான், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றும் விளங்கவில்லை. எனக்கோ சீனி வருத்தமே இல்லை. 'சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று டொக்டர் எழுதித் தந்தார். கடிதம் கிடைத்த சந்தோஷத்தில் உடனே படம் பிடித்து அனுப்பினேன்.

மறுநாள் தம்பி கேட்டான்: "கடிதத்தப் பாத்துட்டு இனி மருந்து தேவையில்லையாம், நானா. எனக்குச் சுகமாயிட்டா?"