சிவப்பு விளக்கில் நிற்கிறவர்

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் மாஸ்டர் வண்டியை நிறுத்திவிட்டார். நிறுத்தியது டிவி திரையில். முகம் தெரியாத பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் அந்த வீடியோ கேமில் எல்லோரும் காரை மதில் மேல் ஏற்றி, ஆற்றில் பாய்ச்சி, அடுத்தவர் மேல் மோதித் திரிவார்கள். அதற்காகவே அதை வாங்குகிறார்கள். இவரோ இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, கோட்டைத் தாண்டாமல் நிற்பார். "சிவப்புன்னா சிவப்புதான் சார். விளையாட்டுக்குன்னு தனிக் கலரா இருக்கு?"

பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மனைவி காலமான பிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. "நாள் முழுக்க வாய் ஓயாம பேசுறேன். என்ன பேசுறேன்? கிளட்ச், கியர், பிரேக்கு!" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது. வெளியூரிலிருந்து வந்த மகள் இந்த விளையாட்டை வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

முதல் மாதம் ஆளாளுக்குப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினார்கள். ஹெட்போனில் வண்டி வண்டியாகத் திட்டு. மனிதர் அசரவில்லை. ஒருநாள் ஒரு மஞ்சள் லாரி வந்து இவர் பின்னால் நின்றது. இடிக்கவில்லை ஐயா, நின்றது!

"யாரு தம்பி அது?"

"தம்பி இல்லண்ணா, தங்கச்சி. ஆஸ்பத்திரில நர்ஸு. ஒரு எடத்துல சும்மா நின்னு எவ்வளவு நாளாச்சு தெரியுமா!"

மறுநாள் டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவர் சேர்ந்தார். பிறகு ஒரு பல் டாக்டர். இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழு வண்டிகள் வரிசை கட்டிப் போகின்றன. சிக்னலுக்குச் சிக்னல் அரட்டைதான். பல் டாக்டர் தன் காதல் கதையை ஆரம்பித்த அன்று பச்சை விழுந்தும் ஒரு வண்டிகூட நகரவில்லை.

போன ஞாயிறு அந்த ஆறு பேரும் வீட்டுக்கே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று சட்டை மாற்றினார். "நேர்ல பாத்துட்டு, 'ப்பூ, இவ்வளவுதானா'ன்னு போயிட்டா? அப்புறம் மறுபடி நானும் இந்த ஃபேனும்தான் சார்." என்னையும் துணைக்கு இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தால் வாசல் நிறைய முகங்கள். ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. கை கொடுப்பதா, உள்ளே கூப்பிடுவதா என்று தெரியாமல் விழித்தார். வந்தவர்களும் விழித்தார்கள்.

சட்டென்று மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஒவ்வொருத்தரா பேசுங்க!"

"அண்ணா..." என்றது ஒரு குரல்.

"வாம்மா தங்கச்சி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூவி, கண்ணைத் திறக்காமலே அந்தக் குரல் வந்த பக்கம் இரண்டு கைகளையும் நீட்டினார்.