மருத்துவிச்சி போய்வந்த வீடு

அன்னபாக்கியம் மருத்துவிச்சியின் கறுப்புக் குடையும் தோல்பையும் ஒரு வீட்டு வாசல் படலைக்குள் நுழைந்தால் எங்கள் குடியேற்றத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் ஒருத்தி பிள்ளைத்தாச்சி. வேறு எதற்காகவும் அவர் ஒரு வீட்டுக்குப் போவார் என்று யாருக்கும் தோன்றாது. தோன்றியிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தப்பியிருக்கும்.

கிளிநொச்சிக்கு மேற்கே இருந்த அந்தக் குடியேற்றத்தின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான், பரமலிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த சனம். காட்டை வெட்டி, யானையை விரட்டி, நெல்லை விளைவித்த தைரியசாலிகள். ஆனால் அயலவன் வாய்க்கு மட்டும் நடுங்குவார்கள்.

டிஸ்பென்சரியில் என்னோடு வேலை பார்த்த அன்னபாக்கியம் இளம் வயதிலேயே புருசனை இழந்தவர். மருத்துவிச்சிப் படிப்புக்கு முன் மூன்று வருடம் கொழும்புப் பக்கம் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தவர். அது தெரிந்துதான் 1962இல் நாகேஸ்வரி அவரைத் தேடி வந்தாள். அவளுடைய மூத்த மகள் விமலேஸ்வரிக்கு வயது பத்தொன்பது. தனியே சிரித்தாள், சோற்றில் நஞ்சிருக்கிறது என்று தட்டிவிட்டாள். தகப்பன் தில்லைநாதன் அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய், நாலு மாதம் அதே ஆஸ்பத்திரியில் விட்டு, திரும்பக் கூட்டிவந்திருந்தார். ஊருக்குச் சொன்னது, பிள்ளை தையல் படிக்கப் போனாள் என்று.

“குளிசை தந்து விட்டவை மிஸி. ஒருநாளும் நிப்பாட்டக் கூடாதாம். எங்கட கையால குடுத்தா துப்பிப்போடுறாள்,” என்றாள் நாகேஸ்வரி. மருத்துவிச்சியையும் தாதியையும் எங்கள் சனம் மிஸி என்றுதான் கூப்பிடும்.

“நான் வாறன். ஆனா வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்,” என்றார் அன்னபாக்கியம்.

அது அவர் உத்தியோகத்தில் இல்லாத வேலை. காலையில் பிள்ளைப்பேற்று வீடுகளைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் அந்த வீட்டுக்குப் போவார். விமலேஸ்வரியின் பக்கத்தில் குசினி நிலத்தில் இருந்து, அவளோடு வெங்காயம் உரித்து, கதையோடு கதையாகக் குளிசையை விழுங்க வைப்பார். குளிசை முடிந்தால் நான் கிளிநொச்சிக்கு எழுதி எடுப்பித்துக் கொடுப்பேன். இரண்டு மாதத்தில் அந்தப் பெண் நாற்று நட இறங்கினாள். அயல் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாள். ஒருநாள் டிஸ்பென்சரிக்கு வந்து, என் சட்டையில் பொத்தான் அறுந்திருப்பதைக் கண்டு, ஊசி வாங்கித் தைத்துத் தந்துவிட்டுப் போனாள். அன்னபாக்கியத்தின் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் எந்தப் பிரசவத்துக்குப் பிறகும் கண்டதில்லை.

ஊர் சும்மா இருக்குமா? நாகேஸ்வரிக்குப் பிள்ளை பெறும் வயது கடந்துவிட்டது. இளையவள் இராசமலர் பாவாடை கட்டின சிறுமி. அப்படியென்றால் மருத்துவிச்சி தினமும் யாருக்காகப் போகிறார்? தையல் படிக்க என்று நாலு மாதம் கொழும்பில் நின்றவள் யார்? கணக்கைக் கூட்டிப் பெருக்கி விடையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அறிவாளிகள்.

கூப்பன் அரிசி கொடுக்கும் நாளில் கூட்டுறவுச் சங்கக்கடையில் சனம் நிறைந்து நின்றது. நானும் அன்னபாக்கியமும் நின்றோம். மனேச்சர் அப்புத்துரை அரிசியை நிறுத்தபடியே எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, “என்ன மிஸி, தில்லைநாதன்ர வீட்டில எத்தினையாம் மாசம்?” என்று கேட்டான். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்னபாக்கியத்துக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு குமர்ப்பிள்ளையின் மானம் போகிறதே என்ற பதைப்பில் கொடுத்த வாக்கை மறந்தார்.

“வாயைக் கழுவுங்கோ. அவள் ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை. மனநோய் வந்தது, நான் குளிசை குடுக்கிறன். இப்ப சுகம். காய்ச்சல் வந்து மாறினமாதிரித்தான்.”

சேலைத் தலைப்புகள் வாயிலிருந்து இறங்கின. உண்மையைச் சொன்னதால் அவளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எத்தனை மடையர்கள் நாங்கள்!

அன்று பின்னேரமே வாய்க்காலில் பெண்கள் விமலேஸ்வரி குளிக்கும் இடத்தை விட்டு மேலே போய்க் குளித்தார்கள். தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் நாகேஸ்வரி படலையிலேயே மருத்துவிச்சியை மறித்தாள்.

“வயித்தில எண்டு நினைச்சிருந்தா பத்து மாசத்தோட கதை முடிஞ்சிருக்கும், மிஸி. இது எங்கட பரம்பரைக்கே முடியாது. இளையவளை இனி ஆர் எடுப்பினம்? இனி இந்தப் பக்கம் வராதேங்கோ.”

அன்னபாக்கியம் மன்னிப்புக் கேட்டார், கெஞ்சினார். குளிசையை மட்டுமாவது வாங்குங்கோ என்றார். படலை சாத்தப்பட்டது. விமலேஸ்வரியை நெல் மூட்டை அடுக்கும் அறைக்குள் விட்டுப் பூட்டினார்கள். குளிசை நின்றது. வேப்பிலை அடி தொடங்கியது.

இனிச் சொல்வது என்னுடைய பங்கு. மூன்று மாதம் கழித்து ஒரு காலை, மாரி மழையில் நனைந்து, விமலேஸ்வரி டிஸ்பென்சரிக்குள் ஓடிவந்தாள். கையில் கயிற்றுத் தழும்பு. அன்னபாக்கியம் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார்.

“ஐயா, எனக்குத் திரும்ப வருகுது. குளிசை தாங்கோ,” என்றாள்.

பைத்தியம் என்று ஊர் சொன்னவள் தனக்கு வேண்டிய மருந்தைத் தானே கேட்டு வந்தாள். புத்தியுள்ளவன் நான் என்ன சொன்னேன்? வாங்குப் பலகையில் நோயாளிகள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அப்பாவோட வாரும், தாறன்,” என்றேன். அப்பாதான் அவளைத் தேடிப் பின்னாலேயே வந்து தலைமயிரில் பிடித்து இழுத்துப் போனார். அந்த வாரமே அவளை ரயிலேற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார். தனியாகத் திரும்பி வந்தார்.

இரண்டு வருடத்தில் அவளுக்குச் சுகம் என்று ஆஸ்பத்திரி கடிதம் எழுதியது. வீட்டில் பதிலில்லை. அன்னபாக்கியம் லீவு போட்டுப் போய், நான் கூட்டிப்போய் வைத்திருக்கிறேன் என்று கேட்டார். இரத்த உறவு கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள்.

1968இல் இராசமலருக்கு வவுனியாப் பக்கம் கலியாணம் நடந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளுக்குப் பிள்ளை குறுக்காகக் கிடந்தது. வழியில்லாமல் அதே படலையைத் திறந்து அன்னபாக்கியத்தை அழைத்தார்கள். தாயையும் பிள்ளையையும் அவர் காப்பாற்றினார். பிள்ளையைக் கையில் வாங்கிய மாமியார்க்காரி, “மருமேள் தனிப்பிள்ளை. பெரியம்மா எண்டு தூக்கக்கூட இவனுக்கு ஒருத்தரும் இல்லை, என்ன மிஸி?” என்றார்.

நாகேஸ்வரி கதவைப் பிடித்தபடி மருத்துவிச்சியைப் பார்த்தாள். ஒருமுறை உண்மை சொல்லி ஒருத்தியை அழித்தவர் அல்லவா.

“ஓம். ஒருத்தரும் இல்லை,” என்றார் அன்னபாக்கியம்.

வழக்கப்படி மருத்துவிச்சிக்குச் சேலை கொடுத்தார்கள். வழக்கத்தை மீறி, நல்ல பட்டுச்சேலையாகக் கொடுத்தார்கள். அதை அவர் டிஸ்பென்சரி மேசையில் வைத்து, கடுதாசியில் சுற்றி, விமலேஸ்வரிக்குப் பார்சல் கட்டினார். அனுப்புபவர் பெயரை எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ‘அம்மா’ என்று எழுதி, டிஸ்பென்சரி விலாசத்தைப் போட்டார்.

“அந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தோசமாவது கிடைக்கட்டும், ஐயா.”

நான் தடுக்கவில்லை. மூன்று கிழமையில் பதில் வந்தது. அழகான கையெழுத்து. அன்னபாக்கியத்துக்குக் கண்ணாடி கைவசம் இல்லை, நான்தான் வாசித்தேன்.

“அன்புள்ள அம்மாவுக்கு, சேலை கிடைத்தது. உங்களுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். என் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ரயில் வரும் நேரங்களை இங்குள்ள மிஸி ஒருவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். வரும் நாளைச் சொன்னால் அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன்.”