மூன்று மணிக்குள் பதில் வேண்டும்

சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து ஆஸ்பத்திரி பற்றிக் கேள்வி கேட்டால், கோயம்புத்தூரில் நான் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூட வேண்டும்; இதுதான் என் உத்தியோகம். மருத்துவத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அமைச்சர் சபையில் படிக்கும் பதிலின் முதல் நகல் என் மேசையில்தான் பிறக்கிறது. ‘மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதிய தாளை எப்போதாவது கையில் வாங்கியவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தம்தான். வாருங்கள், சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வோம்.

மின்விசிறிக் கணக்கெடுப்பு

உறுப்பினர் கேள்வியைக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருக்கும். அது சென்னையில் பல மேசைகளில் ஏறி இறங்கி எங்கள் வாட்ஸப்புக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. அடியில் ‘பிற்பகல் 3 மணிக்குள் பதில் வேண்டும்’ என்று இருக்கும். அந்த மூன்று வாரமும் கேள்வி எங்கே படுத்துத் தூங்கியது என்று மட்டும் எந்த உறுப்பினரும் கேட்டதில்லை.

ஒரு நாள், மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் எத்தனை மின்விசிறிகள் உள்ளன, அவற்றில் எத்தனை சுற்றுகின்றன என்று வந்தது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். மீதிப் பேர், “மேடம், இப்ப அண்ணாந்து பாக்கட்டுமா, நாளைக்குப் பாத்துச் சொல்லட்டுமா?” என்றார்கள். எங்கள் கண்காணிப்பாளர் ஜபருல்லா சார் கோட்டைமேட்டுக்காரர், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி. என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சுத்துறது எத்தனைன்னு எழுதாதம்மா. மந்திரி படிக்கிற நேரத்துல கரண்டு போச்சுன்னா நாம பொய் சொன்ன மாதிரி ஆயிரும்.”

இவ்வினா எழவில்லை

சட்டமன்றக் கேள்விகள் அ, ஆ என்று பிரித்து வரும். அ: இந்த வசதி இருக்கிறதா? ஆ: இல்லையெனில் அரசு ஆவன செய்யுமா? அ-வுக்கு ‘உள்ளது’ என்று எழுதிவிட்டால், ஆ-வுக்கு ‘இவ்வினா எழவில்லை’ என்று எழுதலாம். அந்த இரண்டு சொல்லை எழுதியதும் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவோம்.

அப்படி வந்ததுதான் டயாலிசிஸ் கேள்வி. சூலூருக்குக் கிழக்கே ஓர் ஊர். உண்மைப் பெயரைச் சொன்னால் எனக்கு மெமோ வரும், புங்கம்பாளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் வசதி உண்டா என்று தொகுதி உறுப்பினர் கேட்டிருந்தார். அங்கே தலைமைச் செவிலியராக இருக்கும் லில்லி சிஸ்டருக்குப் போன் செய்தேன். நாலு மெஷின் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம். மெஷினுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பிளான்ட்டும் இருக்கிறதாம். மேல் தொட்டியிலிருந்து பிளான்ட்டுக்கு இருபதடி குழாய் மட்டும் போடவில்லை. அதைப் போட வேண்டியது வேறொரு துறை. அவர்களுக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் ஒரு கட்டு இருந்தன. மெஷின்கள் மேல் பெட்ஷீட் போர்த்தி வைத்திருந்தார்கள்.

நான் எழுதினேன். அ: நான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் நிறுவப்பட்டுள்ளன. ஆ: இவ்வினா எழவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சிஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லா எழுதியிருக்கீங்க அம்மணி. ஒரு பிரின்ட் எடுத்து அனுப்புங்க, பெட்ஷீட் மேல ஒட்டிப்போடறேன். வாரவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாயி வலிக்குதுங்க.”

பேப்பரோடு வந்தவர்

பத்து நாள் கழித்து ஒரு பெண் என் மேசை முன்னால் வந்து நின்றார். பெயர் சாந்தாமணி, ஊர் புங்கம்பாளையம். கணவர் விசைத்தறி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் முதல் பஸ் பிடித்து சிங்காநல்லூர் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் ஏறி, கோயம்புத்தூரில் நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து, மறுபடி அதே இரண்டு பஸ். திரும்பும்போது நிற்க முடியாமல் பஸ் ஸ்டாண்டில் தரையிலேயே படுத்துவிடுவாராம்.

அவர் கையில் ஒரு செய்தித்தாள் துண்டு. ‘புங்கம்பாளையத்தில் நான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள்: அமைச்சர் பதில்.’ அதன் கீழே என் வாக்கியம், ஒரு புள்ளிகூட மாறாமல். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “எழுதினவங்களைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னு வந்தேனுங்க. அந்த மெஷினு எங்க ஊட்டுல இருந்து நடந்து போற தூரத்துல இருக்குதுங்க. அது இருக்குதுங்களா, இல்லீங்களா?”

உண்மையை எழுதிய அன்று

அடுத்த கூட்டத்தொடரில் அதே உறுப்பினர் அதே கேள்வியை மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை நான் ஒளிக்கவில்லை. குழாய் இணைப்பு இல்லாததால் இயந்திரங்கள் இயங்கவில்லை என்று அப்படியே எழுதினேன். ஜபருல்லா சார் இரண்டு தடவை படித்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார். சாந்தாமணிக்குப் போன் செய்து, நாளைக்கு டிவியில் பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் சபையில் வேறு ஏதோ விவகாரம். கூச்சல், வெளிநடப்பு. நாலாவது கேள்வியோடு கேள்வி நேரம் முடிந்துவிட்டது. எங்களுடையது ஒன்பதாவது. வாய்விட்டுப் படிக்க நேரமில்லாத பதில்களை அவையில் வைத்ததாகக் கருதிவிடுவார்கள்; வைத்ததை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். மத்தியானம் சாந்தாமணி கூப்பிட்டார். “காலையில இருந்து ரெண்டு பேரும் டிவி முன்னாடியே உக்காந்திருந்தமுங்க. எல்லாரும் எந்திரிச்சு வெளிய போனாங்க. எங்க கேள்விய உள்ளயே உட்டுப்போட்டாங்களா, கையோட எடுத்துட்டுப் போய்ட்டாங்களாங்க?”

மேட்டுப்பாளையம் பக்கத்துப் பதில்

எங்கள் அலுவலகத்தில் பெரும்பாலும் யாரும் புதிதாகப் பதில் எழுதுவதில்லை. பழைய பதிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஊர்ப் பெயரை மாற்றி, வேறு பெயரில் சேமிப்போம். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது தடவை கேள்வி வந்த அன்று காலையில்தான் சாந்தாமணி போன் செய்து அழுதிருந்தார். கணவர் பஸ் ஏற மாட்டேன் என்கிறாராம். இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகவில்லை. முகமும் காலும் வீங்கிவிட்டன. இப்படியே விட்டால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது மனசில் ஓட, நான் ஒரு பழைய பதிலைத் திறந்தேன். மேட்டுப்பாளையம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறை பற்றியது. ஊரை மாற்றினேன், எக்ஸ்ரேயை மாற்றினேன். கடைசி வரியை எடுக்க மறந்துவிட்டேன்: ‘ஒரு மாத காலத்திற்குள் பயன்பாட்டிற்குக் கொண்டுவரப்படும்.’ மறந்துதான் போனேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜபருல்லா சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். சென்னையிலும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் எங்கள் கேள்வி இரண்டாவதாக வந்தது, அமைச்சர் கணீரென்று படித்தார். வழக்கமான பதிலை எதிர்பார்த்திருந்த உறுப்பினர் அசந்துபோய், “எந்த மாதம்?” என்று துணைக் கேள்வி போட்டார். “அடுத்த மாதம் முடிவதற்குள்” என்றார் அமைச்சர். மேசையைத் தட்டினார்கள். எங்கள் அலுவலக டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஜபருல்லா சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, பதில் எழுதச் சொன்னா வாக்குக் குடுத்துட்டியே! இப்ப அதைய வேற செஞ்சு தொலைக்கணுமே!”

இருபதடி குழாய்

சபையில் ‘செய்யப்படும்’ என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதைத் துரத்துவதற்கென்றே உறுப்பினர்கள் அடங்கிய ஒரு குழு இருக்கிறது. நோயாளிக்கோ பேப்பருக்கோ பயப்படாத எங்கள் துறை, அந்தக் குழுவுக்கு மட்டும் பயப்படும். சென்னையிலிருந்து தினம் இரண்டு போன். இரண்டு வருஷமாக நேரம் கிடைக்காத அந்த வேறொரு துறை, இரண்டே நாளில் குழாயைப் போட்டு அதற்குப் பச்சைப் பெயின்ட்டும் அடித்துவிட்டுப் போனது. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாள் வேலை! இதற்காகவா அந்த மனிதர் அத்தனை நாள் பஸ் ஸ்டாண்டுத் தரையில் கிடந்தார்?

இதற்கு நடுவே, கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. யாரோ எப்போதோ எழுதிய விளக்கத்தைத் திறந்து, பெயரை மாற்றிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

சாந்தாமணியின் கணவர் அந்த வாரங்களில் மறுபடி பஸ் ஏறினார். சபையில் தேதி சொல்லிவிட்டார்கள், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லிச் சொல்லியே அந்த அம்மா அவரை ஏற்றியிருக்கிறார். புங்கம்பாளையத்தில் பெட்ஷீட்டை எடுத்த முதல் நாள், முதல் மெஷினில் அவர்தான் படுத்தார். மறுவாரம் சாந்தாமணி நன்றி சொல்ல வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நன்றியெல்லாம் வேண்டாம், அது நான் தப்பாக விட்டுவிட்ட ஒரு வரி என்று சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்படீங்களா. ஏனுங்க அம்மணி, நம்ம ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுக்கும் டாக்டர் இல்லீங்க. அடுத்த தப்ப எப்பங்க பண்ணுவீங்க?”

இத்தனை வருஷம் நான் பார்த்துப் பார்த்து எழுதிய சரியான பதில்களெல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு மனிதர் வீட்டிலிருந்து நடந்தே போய் டயாலிசிஸ் செய்துவிட்டு வருவது, நான் மெமோ வாங்கிய அந்த ஒரு வரியால்தான்.